ஐந்து பிள்ளைகளும் அறுப்பின் பண்டிகைக் கிடாயும்

சொந்தப் பிள்ளையை வளர்ப்பவனுக்கு உலகம் ஆயிரம் பிழை பொறுக்கும். பிள்ளை விழுந்தெழும்பினால் ‘துடியாட்டம்’ என்பர். மெலிந்தால் ‘தகப்பனின் வாகு’ என்பர். பிறர் பிள்ளையைப் பராமரிப்பவரோ ஒரு நுளம்புக் கடிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் எந்த நிலையில் கையேற்றாரோ அதே நிலையில், கூடுமானால் சற்றுச் சுத்தமாக, மாலையில் ஒப்படைக்கவும் வேண்டும். இதனிலும் அச்சந்தரும் உத்தியோகம் ஒன்று பூமியில் உண்டென்று நான் இப்போது நம்புவதில்லை. ஆயினும் சென்ற வருடத்து அறுப்பின் பண்டிகை வரைக்கும், இது கதிரையில் சாய்ந்திருந்தபடி செய்யக்கூடிய இலேசான வேலையென்றே எண்ணியிருந்தேன். (சாய்ந்திருந்தவன் நான். வேலை செய்தவள் வேறொருத்தி.)

அவள் பெயர் எஸ்தர். ஊர் வாகரைப் பக்கத்து மாங்கேணி, தகப்பனார் கடற்றொழிலாளி. புளியந்தீவில் எங்கள் வீட்டில் அறையெடுத்துத் தங்கி, வெளிவாரிப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புச் செலவுக்காகப் பகல் முழுவதும் எங்கள் முன் விறாந்தையில் ஐந்து சிறு பிள்ளைகளைப் பராமரித்து வந்தாள். கபிசன், துவாரகா, எவர் எவரென்று கர்த்தருக்கு மட்டுமே தெரிந்த இரட்டையர் இருவர், எல்லாரிலும் இளையவளான நாலு வயது ஹனா. ஹனாவின் தாயார் ஆஸ்பத்திரியில் தாதி. காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் வழியில் மகளை எங்கள் கேற்றில் இறக்கிவிட்டுப் போவார். மற்றத் தாய்மாரும் புடைவைக்கடை, ஹோட்டல் குசினி என்று ஞாயிறு திங்கள் பாராது உழைப்பவர்கள்.

நானோ புளியந்தீவிலே நெடுங்காலம் சைக்கிள் திருத்தும் கடை நடத்தி, அதனால் ஊராரால் ‘பாஸ்’ என்றழைக்கப்பட்டு, கடையை மகனிடம் ஒப்படைத்த பின் பத்திரிகை வாசிப்பதையும் பிறருக்குப் புத்தி சொல்வதையும் தொழிலாகக் கொண்டவன். எஸ்தரின் ஒரு பார்வைக்கு ஐந்து பிள்ளைகளும் அடங்குவதைக் கதிரையில் இருந்தபடி நாள்தோறும் கண்டேன். ‘நான் இவ்விடத்தில் இருப்பதால் அடங்குகிறார்கள்’ என்று விளங்கிக்கொண்டேன்.

பண்டிகைக்கு முதல் நாட் பின்னேரம் எஸ்தர் என் கதிரையருகே வந்து நின்றாள்.

“பாஸையா, நாளைக்கு எனக்குக் கடைசிச் சோதினை. அம்மாமார் எல்லாருக்கும் டியூட்டி. ரூபி அன்ரியும் சேர்ச் குசினிக்குப் போறா. என்ன செய்யிற எண்டு தெரியல்ல.”

“நான் என்னத்துக்குக் கிடக்கிறன்?” என்றேன்.

“நீங்களா?” என்றாள். அதன் பின் ஒரு மௌனம். அந்த மௌனத்தை நான் நன்றியென்று எடுத்துக்கொண்டேன். “அப்ப ரெண்டு விசயம் மட்டும் சொல்லித்தாறன், பாஸையா. ஒண்டு, புள்ளயள்...”

“மகள்!” என்று கையமர்த்தினேன். “நான் மூண்டு புள்ள வளத்தவன்.” (வளர்த்தவள் என் மனைவி ரூபி. நான் கடையில் இருந்தேன்.)

“சரி. ஆனா வெளியில மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீங்க. கேற்றப் பூட்டி வைச்சிருங்க. ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நாளைக்கு நாலு அம்மாமாரும் வேற இடம் பார்ப்பாங்க, பாஸையா. மறுகா நான் ஊருக்குத்தான் போகோணும்.”

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அது சிரிப்புக்குரிய விஷயமன்று. அந்த ஐந்து பிள்ளைகளின் மேல்தான் அவளுடைய அறை, சாப்பாடு, புத்தகம், பட்டம் யாவும் நின்றன. நான் “ஓம் ஓம்” என்றேன். மனிதன் ஒரு முறை ‘ஓம்’ என்றால் நம்பலாம். இரண்டு முறை சொன்னால் கேட்கவில்லை என்று பொருள்.

மறுநாள் காலை எஸ்தர் சோதினைக்குப் போனாள். ரூபி குசினிக்குப் போனாள். நான் கேற்றைப் பூட்டினேன். பத்து மணி மட்டும் உத்தமனாகவே இருந்தேன்.

அறுப்பின் பண்டிகையை அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. வருடத்துக்கொரு முறை எங்கள் திருச்சபையார் தத்தம் விளைச்சலிலும் உழைப்பிலும் ஒரு பங்கை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டு வருவர். நெல், பூசணி, கோழி, ஆடு, கேக், பின்னிய பெட்டி என்று பீடத்தின் முன் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் அவையனைத்தும் வளவிலே பந்தலின் கீழ் ஏலம் விடப்படும். அந்த வருடம் நான் ஒரு கதலி வாழைக்குலை கொடுத்திருந்தேன். என் குலை என்றும் நல்ல விலைக்குப் போகும். அவ்வேளையில் ‘இது ஆருடைய குலை?’ என்று யாராவது கேட்பதும், நான் நிலத்தைப் பார்த்தபடி அடக்கமாக இருப்பதும் என் வாழ்வின் சிறிய மகிமைகளுள் ஒன்று. இதை இழக்க என் மாம்சம் இடங்கொடுக்கவில்லை.

‘ஆலய வளவுக்கும் மதில் உண்டு, என் வளவுக்கும் மதில் உண்டு. மதிலில் என்ன வித்தியாசம்?’ என்று தர்க்கித்தேன். ஐந்து பேரையும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச் செய்து கூட்டிக்கொண்டு போனேன். (ஆலய மதிலுக்கு மூன்று பக்கமே உண்டென்பதும், நாலாவது பக்கம் வாவியென்பதும் அந்த வளவிலே ஞானஸ்நானம் பெற்ற எனக்குத் தெரியாததல்ல. நினைவுக்கு வரவில்லை.)

பந்தலில் முன்வரிசை வாங்குப் பலகையில் நான் அமர்ந்தேன். நிழல் பின்வாங்கில் விழுந்தமையால் பிள்ளைகளை அங்கே வரிசையாக இருத்தி, ஆளுக்கொரு பெரிய கோப்பை சர்பத் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்கள். அமைதியாக இருந்தார்கள். இன்னொரு கோப்பை கொடுத்தேன். அதன் பின் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை வளர்ப்பின் இரகசியம் சர்பத் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

என் குலை போயிற்று; நிலத்தைப் பார்த்தேன்; யாவும் இனிதே நடந்தது. அடுத்ததாக, கொம்பு முறுக்கேறிய கறுத்த கிடாய் ஒன்றை இருவர் இழுத்து வந்தனர். அதைப் பார்த்த மாத்திரத்தில் என் மைத்துனன், ரூபியின் தம்பி சாமுவேல், எழுந்து நின்றான். வருடா வருடம் கிடாய் அவனுக்குத்தான் போகும். அது அவனுடைய சிறிய மகிமை. வெள்ளை வேட்டி புதிதாகக் கட்டி வந்திருந்தான்.

பொருளாளர் ஒலிவாங்கியில் தொகையைக் கூவினார். சாமுவேல் கையைத் தூக்கினான்.

“மற்றப் பக்கத்தால ஒரு கை!” என்றார் பொருளாளர். சாமுவேல் எங்கள் பக்கம் முறைத்துவிட்டு ஏற்றினான்.

“அந்தப் பக்கம் ரெண்டு கை! ஏறுது, ஏறுது!”

எனக்கு மிகுந்த உற்சாகம் உண்டாயிற்று. தொகை ஆட்டின் விலையைத் தாண்டி மாட்டின் விலையை நெருங்கிக்கொண்டிருந்தது. “எந்த மடையன்டா இந்தக் கிடாய்க்கு இப்பிடி ஏத்துறான்?” என்று பக்கத்திலிருந்தவரிடம் உரக்கவே கேட்டுச் சிரித்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். சாமுவேல் என் சிரிப்பைக் கண்டு காது சிவந்து மறுபடி ஏற்றினான். மறுபடியும் எங்கள் பக்கத்தில் கை.

என் முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். எஸ்தரின் பிள்ளைகள் மூத்திரம் முட்டினால் கத்துவதில்லை. அவள் அவர்களுக்குப் பழக்கியிருந்தது வேறு: வாய் திறவாமல் வலக்கையை உயர்த்த வேண்டும், பெரியவர் தலையசைக்கும் வரை இறக்கக்கூடாது. முதலில் கபிசன் உயர்த்தினான். பிறகு துவாரகா. இரண்டு கோப்பை சர்பத் தன் வேலையைச் செய்யச் செய்ய ஐந்து கைகளும் என் தலைக்குப் பின்னால் எழும்பி நின்றன. தலையசைக்கத்தான் ஒருவரும் இல்லை. பொருளாளருக்கோ தூரப் பார்வை மட்டு. பாஸ் குடும்பத்தோடு ஏலத்தில் இறங்கிவிட்டார் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

“ஒருதரம்! ரெண்டுதரம்!” சாமுவேல் தோற்று உட்கார்ந்தான். “மூண்டுதரம்! கிடாய் எங்கட சைக்கிள் பாஸுக்கு!”

கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். கயிற்றை என் கையில் கொண்டுவந்து சுற்றியபோதுதான் அந்த மடையன் யாரென்று எனக்குத் தெரிந்தது.

“மச்சான்,” என்று சாமுவேல் பற்களுக்கிடையால் பேசினான், “அக்காட முகத்துக்காகச் சும்மா விடுறன். ஆனா இத நான் மறக்க மாட்டன்.”

“டேய், நான் கை தூக்கல்லடா!”

“அப்ப ஆரு தூக்கின? ஆடா?”

அவனுக்குச் சாட்சி காட்டுவதற்காகப் பின்வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் கோப்பைகள் இருந்தன. பிள்ளைகள் இல்லை.

அந்தக் கணத்தை வருணிக்கச் சொற்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன், அகப்படவில்லை. ஒலிபெருக்கியில் கீதம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஏலத்துக்குச் சனம் நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு அப்பால் வாவி வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. “கபிசன்! ஹனா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். கிடாய் எனக்கு எதிர்த்திசையில் ஓடியது. இருவரும் வட்டமாகச் சுழன்று கேக் மேசையில் மோதினோம். நாலு தாய்மாரின் முகமும், அவற்றுக்குப் பின்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாகரை பஸ்ஸுக்கு நிற்கும் எஸ்தரின் முகமும் எனக்குத் தெரிந்தன. அந்நேரம் அவள் மண்டபத்திலே கடைசி வினாவுக்கு விடையெழுதிக்கொண்டிருந்திருப்பாள்.

ரூபி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள்.

“என்ன மனிசா, புள்ளயள எங்க? வீட்டிலல்லவா விட்டுட்டு வந்தன்?”

“காணல்ல,” என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை. நேரே பொருளாளரிடம் போய் ஒலிவாங்கியைப் பறித்தாள். “அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க! எல்லாரும் கொஞ்ச நேரம் சத்தம் போடாம நில்லுங்க. புள்ளயள் பாடும்!”

அவளுக்குப் பயத்தில் சித்தம் கலங்கிவிட்டதென்றே நினைத்தேன். ஆயினும் அகப்பையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கீழ்ப்படியாத சபை உலகில் இல்லை. ஒலிபெருக்கி நின்றது. அத்தனை சனமும் மூச்சை அடக்கி நின்றது. கிடாய்கூட நின்றது.

முதலில் ஒன்றும் இல்லை. காற்று மட்டும். பிறகு பூசணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

“நான் கபிசன்... ஏலேலோ... அம்மா பேரு சுகந்தி... ஏலேலோ...”

கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவின் மெட்டு. அது முடியுமுன் குசினி மேசைக்கு அடியிலிருந்து துவாரகாவின் குரல். மணிக்கூண்டுக்குள்ளிருந்து இரட்டையர், ஒரே பாட்டை இரண்டு சுருதியில். ஒவ்வொருவரும் தன் பெயர், தாயின் பெயர், தாய் வேலை செய்யும் இடம், எஸ்தர் அக்காவின் வீடு என்று வரி வரியாகப் பாடினர். பொறுத்துப் பார்த்து முடியாமல் எழுந்து போய், அவசரத்தை எங்கெங்கோ முடித்துக்கொண்டு, திரும்பி வரும் வழி தெரியாது போனதும், அழாமல், ஓடாமல், நின்ற இடத்திலேயே குந்தியிருந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கள் ஒலிபெருக்கிதான் அவர்கள் குரலை மூடியிருந்தது.

அறுபத்தேழு வருடம் ஆலயத்தில் பாட்டுக் கேட்டவன் நான். மயிர்க்கூச்செறிந்தது அன்றைக்குத்தான். சனம் குரலைப் பின்தொடர்ந்து போய் ஒவ்வொருவரையும் தூக்கி வந்தது. இந்தப் பாட்டை என் விறாந்தையிலேயே நாள்தோறும் கேட்டிருக்கிறேன். ‘சத்தம் போடாதீங்க புள்ளயள்’ என்று பத்திரிகைக்கு மேலால் சொல்லியுமிருக்கிறேன்.

நாலு பேர் வந்தாயிற்று. ஹனா இல்லை.

மறுபடியும் மௌனம். அந்த மௌனத்தில் வாவியிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் வாவியில் மீன் பாடுமென்று வெளியூரார் வந்து தோணியேறிக் காது வைத்துக் கேட்பார்கள். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்டது, மீனுக்கு ஒரு தாயாரும் இருந்தார்.

“நான் ஹனா... ஏலேலோ... உம்மா பேரு ஸமீனா...”

படித்துறையில் கட்டியிருந்த தோணி கயிற்றின் நீளம் மட்டும் விலகி மிதந்தது. அதன் நடுவே ஹனா சம்மணமிட்டிருந்து பாடிக்கொண்டிருந்தாள். (‘தண்ணி இருக்கிற இடம்தானே கக்கூஸ்’ என்று பின்னர் விளக்கம் தந்தாள்.)

சாமுவேல் வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்தான். தோணியைப் பிடித்துக் கைகளை நீட்டினான். “வாங்க மகள், மாமாட்ட வாங்க.”

ஹனா பாட்டை நிறுத்தி அவனைப் பார்த்தாள். “நீங்க ஆரு? எனக்குத் தெரியா,” என்றாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பாடினாள். அவன் கிட்டப் போகப் போகத் தோணியின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள்; தோணி சரிந்தது.

“மச்சான்! இந்தப் புள்ள என்னை நம்புதில்ல. தோணி கவிழப் போகுது. நீங்க வாங்க!”

வாவிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு நீந்தத் தெரியாதென்பதை இவ்விடத்தில் பணிவோடு தெரிவிக்கிறேன். இறங்கினேன். சேறு முழங்காலையும் தண்ணீர் நெஞ்சையும் பிடித்தது. கையில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்றும் புத்தி எனக்கும் வரவில்லை, பார்த்திருந்தோருக்கும் வரவில்லை. ஆகவே கிடாயும் இறங்கியது. தண்ணீர் பட்டதும் அது ஓர் அலறல் அலறி, என் தோளில் ஒரு காலை ஊன்றி, என்னைப் படியாக்கித் தோணிக்குள் பாய்ந்து ஹனாவின் பக்கத்தில் நின்றது. ஹனா கைகொட்டிச் சிரித்தாள். நான் தண்ணீருக்கு அடியிலிருந்து வெளிப்பட்டேன்.

“பாஸையா!” என்றாள். “நீங்க பாக்கவே இல்ல. நாங்க எவ்வளவு நேரம் கை தூக்கின!”

சாமுவேலின் முகம் அப்போதுதான் மாறியது. தோணியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். பிள்ளையும் ஆடும் நிமிர்ந்து நிற்க, நாங்கள் இருவரும் அந்தச் சிறிய பேழையைக் கரைக்குத் தள்ளி வந்தோம். படித்துறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. (சிரிக்காமல் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள்.)

படம் மாலைக்கு முன் ஆஸ்பத்திரிக்கும், புடைவைக்கடைக்கும், ஹோட்டல் குசினிக்கும் போய்விட்டது. பொழுது சாயும்போது எங்கள் விறாந்தையில் நாலு தாய்மாரும் நின்றனர். சோதினை முடிந்து வந்த எஸ்தர் தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். நான் முன்னே போய், “பிழை முழுக்க என்னிலதான். அந்தப் புள்ள பூட்டச் சொன்ன கேற்ற நான்தான் திறந்தன்,” என்றேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

ஹனாவின் தாயார் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். மகளை மடியில் வைத்துக் காலையும் கையையும் தடவிப் பார்த்தார்.

“பயந்தியா மகள்?”

“இல்ல உம்மா. ஆடுதான் பயந்த.”

தாயார் எஸ்தரைப் பார்த்தார். “அந்தப் பாட்ட நீங்களா படிப்பிச்ச?”

“ஓம் அக்கா,” என்றாள் எஸ்தர் மெல்ல. “எனக்கு நாலு வயசில, சண்டை நேரம் நாங்க வாகரையால இடம்பெயர்ந்து வந்த. அந்தச் சனத்துக்குள்ள நான் தொலைஞ்சு போனன். ஓடினா இன்னும் தொலைவன் எண்டு அவடத்தயே குந்தியிருந்து அப்பாட அம்பாப் பாட்டப் பாடினன். எனக்கு அது ஒண்டுதான் தெரியும். ரெண்டு நாளைக்குப் பிறகு ஒருத்தர் ‘இது மாங்கேணி அந்தோனிட பாட்டு மாதிரிக் கிடக்கு’ எண்டு சொல்லி அப்பாட்டக் கூட்டிக்கொண்டு போன. மறுகா ஆற்ற புள்ளையப் பார்த்தாலும் முதல்ல அதைத்தான் படிப்பிக்கிற.”

ஹனாவின் தாயார் எழுந்து வந்து எஸ்தரின் கன்னத்தைத் தடவினார். பிறகு மற்றத் தாய்மாரைப் பார்த்தார், அவர்கள் தலையசைத்தனர்.

“நாளைக்குக் காலம நேரத்துக்கு வருவம்,” என்றார். “ஆனா ஒண்டு எஸ்தர், இந்த மனிசன்ட பொறுப்பில மட்டும் புள்ளயள விடப்படாது. ஏலுமெண்டா இவரையும் சேர்த்துப் பாத்துக்கங்க.”

எஸ்தர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிப் பாயில் பிள்ளைகளோடு இருத்தினாள். என் பெயர், ரூபியின் பெயர், வீதி, ரூபியின் தொலைபேசி இலக்கம் எல்லாம் சேர்த்து எனக்கும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். இலக்கத்தில் பிழைத்தபோதெல்லாம் ஹனா என்னை முதலிலிருந்து பாட வைத்தாள். எஸ்தர் அந்தச் சோதினையில் சித்தியடைந்து, இன்னும் எங்கள் விறாந்தையில்தான் இருக்கிறாள். இன்றும் வீதியைக் கடக்கும்போது அவள் “ஆறு பேரும் வந்தாச்சா?” என்றே கேட்கிறாள்.

அண்மையில் சாமுவேலின் மகளுக்குக் கலியாணம். மண்டபத்தில் பந்தி தொடங்கும் வேளையில், என் செருப்பைத் தேடிப் பின்பக்கமாகப் போய்க் கதவு தெரியாமல், வாடகைக் கதிரைகள் அடுக்கிய ஓர் அறைக்குள் அகப்பட்டு நின்றேன். வெளியே ஒலிபெருக்கியில் சாமுவேலின் குரல் கேட்டது.

“சபையோருக்கு ஒரு வேண்டுகோள். எங்கட மூத்த மச்சானைக் காணல்ல. எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. பாடுவார்.”

மேளம் நின்றது. அத்தனை சனமும் அடங்கியது. நான் கொஞ்ச நேரம் என் கௌரவத்தை எண்ணிப் பார்த்தேன். பிறகு நின்ற இடத்திலேயே குந்தினேன்.

“நான் பாஸ்... ஏலேலோ...”